காத்திருத்தலின் விலை: கம்பியில்லாப் பிணையங்களில் ஆற்றல் சிக்கனம்

சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் கற்றலுக்கெனத் தனி மின்கருவி ஒன்று இருத்தல் வேண்டும் என்னும் இலக்கு முதலில் 2028ஆம் ஆண்டுக்கென வகுக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்து வீட்டுவழிக் கற்றல் அதனை விரைவுபடுத்தியது. 2021ஆம் ஆண்டின் இறுதியிலேயே அது நிறைவேறிற்று. அதனோடு ஆசிரியர் அனைவரும் நன்கறிந்த காட்சி ஒன்றும் வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது. காலையில் நிறைந்த மின்கலத்தோடு பள்ளிக்கு வரும் கருவி, பிற்பகலில் சிவப்புக் குறி காட்டித் தளர்ந்து நிற்கும். மாணவர் மின்னூட்டக் கம்பியை ஏந்திக்கொண்டு சுவரோரம் இடம் தேடுவர். இத்தனைக்கும் அன்று படித்தவை சில பக்கங்கள்; பார்த்தது ஒரு காணொளி. நிறைந்திருந்த மின்சாரம் எங்கே போயிற்று?

திரையின் ஒளிக்கும் செயலியின் உழைப்புக்கும் பெரும்பங்கு போயிற்று என்பது உண்மையே. அவ்விரண்டும் கண்ணுக்குத் தெரிவன. கண்ணுக்குத் தெரியாத மற்றொரு செலவும் உண்டு. வைஃபை என நாம் நாளும் வழங்குவதும், தமிழில் அருகலை என்று அழைக்கத் தொடங்கியிருப்பதுமாகிய கம்பியில்லாப் பிணையத்திற்கான செலவு அது. இச்செலவைப் பற்றிய பொதுக் கருத்து ஒன்று தவறானது. தரவை அனுப்பும்போதும் பெறும்போதும்தான் ஆற்றல் கரைகிறது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், ஒழுங்குபடுத்தப்படாத அருகலைக் கருவியொன்று பேசுவதற்காகச் செலவிடுவதைக் காட்டிலும், 'யாரேனும் நம்மோடு பேசுவார்களோ' என்று செவிசாய்த்துக் காத்திருப்பதற்காகச் செலவிடுவதே மிகுதி. கால் நூற்றாண்டாகப் பொறியாளர்கள் இத்துறையில் செய்துவரும் பணியின் பெரும்பகுதி, கருவிகளுக்கு உரிய வேளையில் உறங்கவும் உரிய வேளையில் விழிக்கவும் கற்றுக்கொடுக்கும் பணியே எனலாம்.

மேலே செல்லுமுன் சொற்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆற்றல் என்பது வேலை செய்வதற்கான மொத்த இருப்பு. திறன் என்பது அவ்விருப்பு ஒரு நொடியில் எவ்வளவு செலவாகிறது என்னும் வீதம். மின்கலத்தில் உள்ளது ஆற்றல். வாட் என்று நாம் அளப்பது திறன். அன்றாடப் பேச்சில் இரண்டையும் ஒன்றெனவே ஆள்கிறோம். அதனால் பெருந்தீங்கு ஏதுமில்லை. ஆயினும் இக்கட்டுரையில் வரும் கணக்குகளுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. சிக்கனம் என்பதையும் இங்கு நாம் குறைவாகப் பயன்படுத்துதல் என்னும் பொருளில் ஆளவில்லை. அதே பணியைக் குறைந்த ஆற்றலில் முடித்தலையே சிக்கனம் என்கிறோம்.

கேட்பது ஏன் இவ்வளவு செலவாகிறது?

1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனும் அவருடைய குழுவினரும் தீவுகளுக்கிடையே வானலை வழியாகக் கணினிகளை இணைத்தனர். அலோஹா என்று பெயர் பெற்ற அம்முறையில் எந்த நிலையமும் தனக்கு வேண்டியபோது பேசலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் செய்தியும் சிதையும். மீண்டும் அனுப்ப வேண்டும். இக்குறையைக் குறைக்கும் பொருட்டுப் பின்னர் வந்த முறைகள் எளியதோர் ஒழுக்கத்தை மேற்கொண்டன: பேசுமுன் கேள், வெளி அமைதியாக இருந்தால் மட்டும் பேசு. 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ஐஇஇஇ 802.11 என்னும் அருகலைத் தரநிலை இவ்வொழுக்கத்தின்மீதே எழுப்பப்பட்டது.

நற்பண்புதான், ஆயினும் அதற்கொரு விலை உண்டு. தனக்கான செய்தி எந்தக் கணத்தில் வரும் என்று கருவி அறியாது. ஆகவே அதன் பெருக்கிகளும், அலையை எண்ணாக மாற்றும் சுற்றும், செய்தியின் தொடக்கக் குறியைத் தேடும் பகுதியும் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தி வந்தபின் அதனைப் பிரித்துப் படிப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு சிறியதே. ஸ்வீடனைச் சேர்ந்த ஃபீனி, நில்சன் என்னும் ஆய்வாளர் இருவர் 2001இல் வெளியிட்ட அளவீடு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. அவர்கள் சோதித்த மடிக்கணினி அருகலை அட்டையொன்று, அனுப்பும்போது ஏறத்தாழ 280 மில்லியாம்பியர் மின்னோட்டத்தை இழுத்தது, பெறும்போது 190, எதுவும் வாராமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தபோது 155, துயில்நிலையில் 10. வெறுமனே கேட்பது, பெறுவதற்கு ஆகும் செலவில் ஐந்தில் நான்கு பங்குக்கு அருகே நிற்பதை நோக்குக. கேட்பதற்கும் துயில்வதற்கும் இடையேதான் பெரும்பள்ளம்.

இன்றைய சில்லுகள் அன்றையவற்றினும் மிகச் சிக்கனமானவை. எனினும் அளவுகளின் விகிதம் பெரிதும் மாறவில்லை. நம் மாணவர்கள் அறிவியல் திட்டப்பணிகளில் விரும்பிப் பயன்படுத்தும் மலிவான இஎஸ்பி8266 என்னும் சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் தயாரிப்பாளர் வெளியிட்டுள்ள விவரத்தாளின்படி, வலுவாக அலைபரப்பும்போது அது 170 மில்லியாம்பியர் இழுக்கும், பெறும்போது 56, ஆழ்துயிலில் 20 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. கேட்பதற்கும் ஆழ்ந்துறங்குவதற்கும் இடையே 2,800 மடங்கு வேறுபாடு.

இவ்விடத்தில் இன்னொன்றும் குறிக்கத்தக்கது. அச்சில்லு 170 மில்லியாம்பியரை 3.3 வோல்ட்டில் இழுப்பதாயின் செலவாகும் திறன் ஏறத்தாழ 560 மில்லிவாட். அலைவாங்கிக் கம்பியிலிருந்து வெளியேறும் வானலையின் திறனோ 50 மில்லிவாட் மட்டுமே. பத்தில் ஒரு பங்குகூட அலையாகப் புறப்படவில்லை, எஞ்சியது வெப்பமாகிறது. ஒரே நேரத்தில் பல நுண்ணலைகளைக் கலந்து அனுப்பும் இக்கால முறையில் அலையின் வீச்சு சட்டெனப் பொங்கித் தாழும். அப்பொங்கல்களைச் சிதைக்காமல் அனுப்ப, பெருக்கியை அதன் முழு வலுவுக்கு வெகு கீழே இயக்க வேண்டியிருக்கிறது. வேகத்திற்காக நாம் செலுத்தும் வரி அது.

பலதுறை மருந்தகத்தில் காத்திருப்போர்

துயில்நிலை இவ்வளவு மலிவாயின், கருவி ஏன் எப்போதும் துயிலக்கூடாது? துயிலும் கருவிக்குச் செவி இல்லை. அதற்கு வரும் செய்தி காற்றோடு போகும். இச்சிக்கலை அவிழ்க்கப் பொறியாளர்கள் கண்ட வழிகளை விளங்கிக்கொள்ள நம் பலதுறை மருந்தகங்களின் காத்திருப்புக் கூடமே நல்ல உவமை.

எண் அட்டையைப் பெற்றுக்கொண்ட நோயாளி, பலகையில் தம் எண் தோன்றும்வரை கண்ணிமைக்காது பார்த்துக்கொண்டே இருக்கலாம். தொடக்கக் கால அருகலைக் கருவி அவ்வாறே இருந்தது. அறிவுடைய நோயாளி அவ்வாறு செய்யார். நூலொன்றைப் படித்துக்கொண்டே அவ்வப்போது நிமிர்ந்து பார்ப்பார். 1997ஆம் ஆண்டின் முதல் தரநிலையிலேயே இடம்பெற்ற மின்சேமிப்பு முறை இத்தகையது. கருவி, 'நான் உறங்கப் போகிறேன்' என்பதைத் தன் செய்தியின் தலைப்பகுதியிலுள்ள ஒரேயொரு பிட்டின் வழியாக அணுகுமுனைக்குத் தெரிவிக்கிறது. அணுகுமுனை என்பது கூரையிலோ சுவரிலோ பொருத்தப்பட்டு, கருவிகளையெல்லாம் பிணையத்தோடு இணைக்கும் பெட்டி. அது அக்கருவிக்கு வரும் செய்திகளைத் தன்னிடமே தேக்கி வைக்கிறது. பொதுவாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை அது ஓர் அறிவிப்பை எழுப்பும். ஆங்கிலத்தில் பீக்கன் எனப்படும் அதனை நாம் முரசு என்று அழைக்க விரும்புகிறோம். ஊரார்க்குச் செய்தியை முழங்கி அறிவித்த கருவியின் பெயர் இதற்குப் பொருந்தும். யார் யாருக்குச் செய்தி காத்திருக்கிறது என்னும் பட்டியல் அம்முரசில் இடம்பெறும். கருவி முரசு ஒலிக்கும் வேளையில் மட்டும் விழித்துப் பட்டியலைப் பார்க்கும். தன் எண் இல்லையேல் மீண்டும் உறங்கும்.

இதனால் விளைந்த ஆதாயம் பெரிது. குறையும் ஒன்று உண்டு; அதனை 2002இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். மறுமொழி 20 மில்லிநொடியில் வந்துவிட்டாலும் அடுத்த முரசுவரை அது கிடப்பில் கிடக்க வேண்டும். ஓர் இணையப் பக்கத்தைத் திறக்க ஒன்றன்பின் ஒன்றாக 50 வினாவிடைகள் தேவைப்படுமாயின், ஒரு நொடியில் முடிய வேண்டிய பணி ஐந்து நொடியாக நீளும். அந்நேரம் முழுதும் திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும்! அருகலையில் மிச்சம் பிடித்ததைத் திரையில் தொலைத்தவராவோம். ஒரு பகுதியின் சிக்கனம் முழுமையின் சிக்கனம் ஆகாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிடைத்தல் அரிது.

ஆகவே இன்றைய திறன்பேசிகள் இடைவழியொன்றைக் கைக்கொள்கின்றன. செய்திப் போக்குவரவு இருக்கும்வரை விழித்திருந்து, ஓய்ந்தபின் சிறிது நேரம் பொறுத்து உறங்குகின்றன. இம்முறையையும் குலைப்பவை உண்டு. சில நொடிகளுக்கு ஒருமுறை 'நலமா' என்று சேவையகத்தை விசாரித்துக்கொண்டே இருக்கும் செயலிகள் அவை. செய்தி மிகச் சிறிது; ஆனால் ஒவ்வொரு விசாரணையும் கருவியை எழுப்பி, அது மறுபடி கண்ணயரும்வரை விழித்திருக்கச் செய்கிறது. தூங்கவிடாத அண்டைவீட்டார் போன்றவை இச்செயலிகள்.

2005ஆம் ஆண்டில் வந்த திருத்தம் குரல் அழைப்புகளுக்கு வழிகண்டது: கருவி தான் ஒரு செய்தியை அனுப்பும் அக்கணத்திலேயே தனக்கெனத் தேங்கியுள்ளவற்றையும் பெற்றுக்கொள்ளலாம். பெரும்பாய்ச்சல் அதன்பின் வந்தது. மருந்தகத்தில் முன்பதிவு செய்தவர் குறித்த நேரத்திற்கு வந்தால் போதுமல்லவா? அதுபோல, கருவியும் அணுகுமுனையும் 'அடுத்து இந்நேரத்தில் விழிப்பேன்' என உடன்படிக்கை செய்துகொள்ளும் முறை, தொலைதூர உணர்கருவிகளுக்கென 2016இல் வகுத்த 802.11ஏஎச் தரநிலையில் முதலில் இடம்பெற்றது. பின்னர் வைஃபை 6 எனப்படும் 802.11ஏஎக்ஸ் தரநிலைக்கு வந்தது. இடைவெளி சில மில்லிநொடியாகவும் இருக்கலாம், மணிக்கணக்காகவும் இருக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் விழித்து முட்டிக்கொள்வதும் இதனால் குறைகிறது. 2021இல் ஒப்புதல் பெற்ற 802.11பிஏ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. முதன்மை அலைவாங்கி முழுதாக அணைந்திருக்க, ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவான திறனில் இயங்கும்படி எண்ணி வகுக்கப்பட்ட சிறு துணைவாங்கி மட்டும் 'எழுக' என்னும் குறிப்புக்காகக் காத்திருக்கும்.

தோட்டத்து உணர்கருவி

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். பள்ளித் தோட்டத்து மண்ணின் ஈரத்தை அளந்து அருகலை வழியே அனுப்பும் உணர்கருவியொன்றை மாணவர்கள் செய்கின்றனர் என்க. அதன் மின்கலம் 2,000 மில்லியாம்பியர்-மணி கொள்ளும். கருவி எப்போதும் விழித்திருந்து சராசரியாக 70 மில்லியாம்பியர் இழுக்குமாயின் 2,000ஐ 70ஆல் வகுக்க 28 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். திங்கட்கிழமை காலையில் வைத்தால் செவ்வாய் நண்பகலில் அது மாண்டுபோகும்.

இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நொடி மட்டும் விழிக்குமாறு அதனை மாற்றுவோம். விழித்திருக்கையில் 80 மில்லியாம்பியர் இழுப்பதாகவே கொள்வோம். 600 நொடியில் 5 நொடி; ஆகவே சராசரி 0.67 மில்லியாம்பியர். துயில்நேரச் செலவையும் கூட்டினால் 0.69. மின்கலம் ஏறத்தாழ 2,900 மணி நேரம், அதாவது நான்கு மாதம் தாங்கும். மின்கலத்தின் தற்கசிவும் பிற சுற்றுகளின் செலவும் சேர்ந்தால் இது குறையும். மூன்று மாதமே ஆயினும் ஒரு பள்ளிப் பருவம் முழுதும் தாங்கும். நிரலில் மாறியவை சில வரிகள். மண்ணின் ஈரம் பத்து நிமிடத்தில் பெரிதாக மாறாது என்னும் அறிவே இச்சிக்கனத்தின் உண்மையான மூலம் என்பதையும் மாணவர்க்கு உணர்த்தலாம்.

வேகமாகப் பேசி விரைந்து உறங்குதல்

வேகம் மிகுந்த இணைப்பு மிகுந்த ஆற்றலை உண்ணும் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். பெரும்பாலும் உண்மை அதற்கு மாறானது. 5 மெகாபைட் கோப்பொன்றை நொடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் இறக்க, இடையீடுகளை ஒதுக்கினால், ஏழு நொடி ஆகும். 54 மெகாபிட் வேகத்தில் முக்கால் நொடி போதும். வேகம் ஒன்பது மடங்கு. திறன் ஒன்பது மடங்கு உயர்வதில்லை. பணியை விரைந்து முடித்து விரைந்து உறங்கும் கருவியே சிக்கனமானது.

அணுகுமுனைக்கு வெகு தொலைவில், நான்கு சுவருக்கு அப்பால் அமர்ந்திருக்கும் கருவி வேகமாகப் பேச இயலாது. அதன் மின்கலம் மட்டுமா கரைகிறது? 2003இல் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் காட்டியதுபோல, மெதுவாகப் பேசும் ஒரே கருவி வெளியை நெடுநேரம் பிடித்துக்கொள்வதால் மற்றவர் அனைவரின் வேகமும் தாழ்கிறது; அவர்களும் விழித்திருந்து முறைக்காகக் காத்திருக்க நேர்கிறது. ஆகவே அணுகுமுனையை எங்கே வைப்பது என்பது ஆற்றல் பற்றிய வினாவும் ஆகும்.

முரசுகளும் இங்கு நம் கவனத்துக்குரியன. பழைய கருவிகளும் கேட்கட்டும் என்று பல இடங்களில் முரசு நொடிக்கு ஒரு மெகாபிட் என்னும் மிகத் தாழ்ந்த வேகத்தில் அனுப்பப்படுகிறது. 250 பைட் கொண்ட ஒரு முரசுக்கு அவ்வேகத்தில் இரண்டு மில்லிநொடி வேண்டும். ஆசிரியர்க்கு ஒரு பிணையப் பெயர், மாணவர்க்கு ஒன்று, விருந்தினர்க்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று என ஐந்து பெயர்கள் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் நொடிக்குப் பத்துமுறை முரசு கொட்டப்படும். ஒருவரும் ஒன்றும் பேசாதபோதே வெளியின் பத்தில் ஒரு பங்கு முரசொலியால் நிறைந்துவிடுகிறது. பெயர்களைக் குறைப்பதும் முரசின் வேகத்தை உயர்த்துவதும் செலவில்லாத சீர்திருத்தங்கள். ஆனால் வேகத்தை உயர்த்தினால் மிகப் பழைய கருவிகள் பிணையத்திலிருந்து விலக்கப்படும் என்பதை மறத்தலாகாது. பழைய கருவியை வைத்திருப்பவர் பெரும்பாலும் புதியதை வாங்க இயலாத குடும்பத்துப் பிள்ளை. அப்பிள்ளையின் கருவி எது என்று விசாரித்து அறிந்தபின்னரே இம்மாற்றத்தைச் செய்ய வேண்டும் என்பது எம் கருத்து.

உறங்காத பெட்டி

இதுவரை சொன்ன சிக்கனமெல்லாம் மின்கலம் உள்ள கருவிகளுக்கே. அணுகுமுனையோ உறங்குவதில்லை. எவர் எப்போது அழைப்பார் என்று அறியாது இரவு முழுதும் முரசு கொட்டிக்கொண்டே இருக்கிறது. அது சுவர் மின்சாரத்தில் இயங்குவதால் அதன் செலவைப் பற்றி நீண்டகாலம் எவரும் கவலைப்பட்டதில்லை.

ஒரு பள்ளியில் 60 அணுகுமுனைகள் உள்ளன, ஒவ்வொன்றும் 12 வாட் உண்கிறது என்று கொள்வோம். மொத்தம் 720 வாட். வாரத்தில் 168 மணி நேரம். பள்ளியில் ஆள்நடமாட்டம் உள்ளவை நாளுக்குப் பத்து மணியாக ஐம்பது மட்டுமே. எஞ்சிய 118 மணி நேரமும் வெறும் வகுப்பறைகளுக்கு முரசு ஒலிக்கிறது. ஆண்டுக்கு 4,400 கிலோவாட்-மணி. ஒரு கிலோவாட்-மணிக்கு 30 காசு என்றால் 1,300 வெள்ளிக்கு மேல். நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஒரு கிலோவாட்-மணிக்கு 0.4 கிலோகிராம் கரியமிலவாயு எனக் கொண்டால் இது ஒன்றே முக்கால் டன். குளிரூட்டிகளின் செலவுக்கு முன் இது சிறிய தொகையே; மிகைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் 2030ஆம் ஆண்டுக்குள் ஐந்தில் ஒரு பள்ளியேனும் கரிம நடுநிலை எய்த வேண்டும் என்று சிங்கப்பூர்ப் பசுமைத் திட்டம் இலக்கு வைத்திருக்கையில், ஒருவருக்கும் பயன்படாத செலவைக் களைவதே முதற்படியாகும்.

அணுகுமுனைகள் பெரும்பாலும் பிணையக் கம்பி வழியாகவே மின்சாரம் பெறுவதால் அவற்றை நடுநிலையத்திலிருந்தே குறித்த நேரத்தில் அணைக்கவும் ஏற்றவும் முடியும். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அணைத்தல் தகாது. காவல் படக்கருவியோ கதவுப் பூட்டோ அவற்றை நம்பியிருக்கலாம். கணினிகளின் மென்பொருள் இரவில் புதுப்பிக்கப்படலாம். மாடிக்கு ஒன்றை விழிக்கவிட்டு மற்றவற்றை உறங்கவைத்தல் நடைமுறைக்கு ஒத்த வழி.

வீட்டிலும் இதனைச் சோதித்து அறியலாம். மின்செருகியில் இணைத்து வாட் காட்டும் சிறு அளவியொன்றைப் பெற்று, வீட்டு அருகலைப் பெட்டியின் திறனை இருவேளை குறித்துக்கொள்ளுமாறு மாணவர்களிடம் கூறலாம்: எல்லாரும் உறங்கும் நள்ளிரவில் ஒருமுறை; எல்லாரும் காணொளி பார்க்கும் முன்னிரவில் ஒருமுறை. இரண்டு எண்களும் எதிர்பார்த்ததைவிட மிக நெருங்கியிருக்கக் காண்பர். பெட்டி எட்டு வாட் உண்பதாயின் ஆண்டுக்கு 70 கிலோவாட்-மணி. சிங்கப்பூரில் ஏறத்தாழ 14 இலட்சம் குடும்பங்கள். பெருக்கலையும், அதில் எத்தனை மணி நேரம் வீட்டில் எவரும் விழித்திருக்கவில்லை என்னும் கணக்கையும் மாணவர்களே போட்டு வகுப்புக்குக் கொண்டுவரட்டும்.